தீபாவளிக்குள் துணிக்கடைச் செயலி, கூடவே விளம்பரம்: சிறிய நிறுவனம் எதை முதலில் தொடங்க வேண்டும்?

ஜாலான்_புசார்

வணக்கம். எங்களுடையது மூன்று பேர் நிறுவனம். ஒருவர் ஃப்ளட்டரில் (ஐஃபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் ஒரே நிரலில் செயலி எழுதும் கருவி) நிரல் எழுதுவார், ஒருவர் வடிவமைப்பு, விளம்பர வேலை என் பொறுப்பு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருக்கும் ஒரு துணிக்கடை தீபாவளிக்குச் செயலி கேட்கிறது. சேலை, சுடிதார், குழந்தைகள் ஆடை எல்லாம் சேர்த்து 600 பொருள் வரும். சேலைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு உருப்படிதான். கடையில் விற்றுவிட்டால் அவ்வளவுதான். பேநவ் (கியூஆர் வழியாக வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் முறை), கார்டு இரண்டும் வேண்டுமாம். தீபாவளிக்கு இன்னும் 10 வாரம். விளம்பரத்துக்கு 3,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள்.

எங்களிடம் ஏற்கெனவே ஆப்பிள், கூகுள் கணக்குகள் இருக்கின்றன. அவற்றிலேயே வெளியிட்டால் நேரம் மிச்சமாகுமா? பேநவ் பணம் வந்ததைச் செயலி எப்படி நம்பகமாகத் தெரிந்துகொள்வது? 3,000 வெள்ளியைச் செயலிப் பதிவிறக்கத்துக்கே செலவிடலாமா? தைத்த துணி தயாரானதும் அழைப்பதற்காகப் பழைய வாடிக்கையாளர்களின் எண்கள் எழுதிய நோட்டு ஒன்று கல்லாவில் உள்ளது. அந்த எண்களுக்கெல்லாம் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்கிறார் முதலாளி. அனுப்பலாமா? எதை முதலில் தொடங்குவது என்பதுதான் முக்கியக் கேள்வி.

கோட்பலகை

முதலில் தொடங்க வேண்டியது நிரல் இல்லை, கணக்குகள். பத்து வாரத்தில் செயலியை எழுதி முடித்துவிடலாம். எழுதி முடித்த பிறகும் வெளியிட முடியாமல் நிற்பது பதிவும் சரிபார்ப்பும் முடியாததால்தான்.

உங்கள் கணக்கில் வெளியிட வேண்டாம். கடையின் பெயரில் கணக்குத் திறக்கச் சொல்லி, உங்களை உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லுங்கள். வார்ப்புருவை வைத்து உருவாக்கிய செயலியை, அதன் உள்ளடக்கத்துக்குச் சொந்தக்காரரே சமர்ப்பிக்க வேண்டும் என்று ஆப்பிளின் விதி 4.2.6 சொல்கிறது. இதே அடித்தளத்தை வைத்து நாளை இன்னொரு கடைக்கும் செய்து கொடுத்தால் இந்த விதி உங்கள் மேல் பாயும். பிற்பாடு கணக்கு மாற்றலாமே என்று நினைக்கலாம். மாற்ற வழி இருக்கிறது. ஆனால் ஆப்பிள் கணக்கு வழியாக உள்நுழைந்தவர்களின் அடையாள எண் ஒவ்வொரு வெளியீட்டுக் கணக்குக்கும் வேறு. மாற்றிய 60 நாளுக்குள் அவற்றைப் பழைய எண்ணோடு பொருத்தி முடிக்காவிட்டால் பழைய வாடிக்கையாளர்கள் புது ஆள்களாகிவிடுவார்கள்.

நிறுவனக் கணக்குக்கு டி-யு-என்-எஸ் எண் (நிறுவனங்களை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) வேண்டும். ஆப்பிளின் தளம் வழியாகவே இலவசமாகக் கேட்கலாம். எண் கிடைத்து, அது ஆப்பிளின் பதிவேட்டுக்கு வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அக்ராவில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவான பெயர் எப்படி உள்ளதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள கடைப்பெயரைக் கொடுத்தால் சரிபார்ப்பு நின்றுவிடும். நிறுவனத்தின் சொந்த இணைய முகவரியில் ஒரு தளமும், அதே முகவரியில் ஒரு மின்னஞ்சலும் தேவை, ஜிமெயிலை ஏற்பதில்லை. கட்டணம் ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர், கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர்.

பேநவ் விஷயத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான்: வாடிக்கையாளர் கையில் இருப்பது ஒரே கைத்தொலைபேசி. தன் திரையில் தெரியும் கியூஆரைத் தானே வருட (ஸ்கேன் செய்ய) முடியாது. படமாகச் சேமித்து, வங்கிச் செயலியைத் திறந்து, அதில் அந்தப் படத்தைப் பதிவேற்ற வேண்டும். ஆகவே கியூஆருக்குக் கீழேயே "படமாகச் சேமி" என்று ஒரு பொத்தான் வையுங்கள். ஐஃபோனில் படம் சேர்க்கும் அனுமதிக்கான விளக்க வரியைத் திட்டக் கோப்பில் எழுத மறந்தால், அந்தப் பொத்தானைத் தொட்ட கணமே செயலி மூடிக்கொள்ளும்.

அவர் வங்கிச் செயலியில் இருக்கும் நேரத்தில் உங்கள் செயலியை இயங்குதளம் நினைவகத்திலிருந்து தூக்கிவிடலாம். பணம் வந்ததா என்பதைச் செயலி தீர்மானிக்கவே கூடாது. கட்டணச் சேவை உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் அறிவிப்பான வெப்ஹுக்தான் சாட்சி. செயலி மறுபடி திறந்ததும் சர்வரிடம் ஆர்டரின் நிலையைக் கேட்டுக் காட்டினால் போதும். அதே வெப்ஹுக் இரண்டு முறை வரலாம் என்று எதிர்பார்த்து எழுதுங்கள். ஆர்டர் எண்ணை வைத்து ஒரு முறைதான் பதிவாக வேண்டும். இல்லையென்றால் ஒரே சேலைக்கு இரண்டு பொட்டலம் கிளம்பும்.

ஒற்றை உருப்படிச் சேலைக்கு "பிடித்துவைத்தல்" அவசியம். கட்டணத் திரைக்கு வந்ததும் 15 நிமிடம் பிடித்துவையுங்கள், கியூஆரின் காலாவதியும் அதே 15 நிமிடமாக இருக்கட்டும். இருப்பைப் படித்துப் பார்த்து, அடுத்த வரியில் மாற்றி எழுதும் முறை வேண்டாம். அந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான் இரண்டு பேர் ஒரே சேலையை வாங்குவார்கள். "நிலை இருப்பு என்றால் மட்டும் பிடித்தம் என்று மாற்று" என்று தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாகக் கொடுங்கள். எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள்; சுழியம் என்றால் வேறொருவர் எடுத்துவிட்டார். கல்லாவில் விற்றாலும் இதே அட்டவணையில்தான் கழிய வேண்டும். காசாளர் பட்டையை வருடும்போது கழியாமல், இரவில் ஒருமுறை கோப்பாக ஏற்றுவது இந்தக் கடைக்கு ஒத்துவராது.

ஆப்பிள் மதிப்பாய்வில் வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் காரணங்கள்: சிங்கப்பூர் எண்ணுக்கு ஓடிபி அனுப்பித்தான் உள்ளே விடுகிறீர்கள் என்றால் மதிப்பாய்வாளரால் நுழைய முடியாது. மாறாத ஓடிபி உள்ள சோதனை எண் ஒன்றை உருவாக்கிக் குறிப்பில் எழுதுங்கள். பொருள்களைப் பார்ப்பதற்கே உள்நுழைவு கேட்காதீர்கள். கணக்கு திறக்க வழி இருந்தால், செயலிக்குள்ளேயே அதை அழிக்கவும் வழி வேண்டும். 2022 ஜூன் 30 முதல் இது கட்டாயம். கூகுளுக்கு இதோடு கணக்கு அழிப்புக்கான ஓர் இணையப் பக்கமும் தேவை. கடையின் இணையதளத்தை அப்படியே ஒரு செயலிச் சட்டகத்துக்குள் போட்டு அனுப்பினால் விதி 4.2இன் கீழ் திரும்பி வரும். மற்றபடி துணி என்பது கையில் கொடுக்கும் பொருள், அதனால் ஆப்பிளின் 15 அல்லது 30 விழுக்காட்டுப் பங்கு இதற்குக் கிடையாது.

கிளிக்_கணக்கு

கோட்பலகை சொன்னது எல்லாம் சரி. நான் விளம்பரப் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அந்த 3,000 வெள்ளியைச் செயலிப் பதிவிறக்கத்துக்குச் செலவிடாதீங்க. கைத்தொலைபேசிக்கு ஏற்ற ஓர் இணையக் கடையைத் திறந்து, விளம்பரத்தில் தொட்டவரை நேரா அந்தச் சேலையின் பக்கத்துக்கே கொண்டுபோங்க. செயலியைக் கடைக்கு வர்ற ஆள்களுக்குக் கொடுங்க. கல்லாவில் கியூஆர், பையில் ஒரு அட்டை, பில்லில் ஒரு வரி. ஏற்கெனவே அந்தக் கடையை நம்புறவங்கதான் செயலியை வெச்சுக்குவாங்க. விளம்பரம் பார்த்துப் பதிவிறக்கினவங்க தீபாவளி முடிஞ்சதும் நீக்கிடுவாங்க.

கணக்கு இப்படி. பொருள் சேவை வரி 9 விழுக்காடு. கடை அந்த வரிக்குப் பதிவு செய்யலைன்னா விளம்பரக் கட்டணத்தின் மேல் அது ஏறும், திரும்பக் கிடைக்காது. 3,000 வெள்ளின்னா விளம்பரத்துக்குப் போறது சுமார் 2,750தான். ஐந்து வாரத்துக்குப் பிரிச்சா வாரம் 550. மெட்டாவின் (ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம்) கற்றல் கட்டம், அதாவது விளம்பரத்தை யாருக்குக் காட்டலாம்னு அது பழகுற காலம், முடிய ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 50 நிகழ்வு (விற்பனை மாதிரி நீங்க இலக்காக வைக்கிற செயல்) தேவை. ஒரு விற்பனைக்கு 25 வெள்ளி ஆகும்னு வெச்சுக்கிட்டா, விற்பனையை இலக்காக வைக்க வாரம் 1,250 வேணும். உங்ககிட்ட அது இல்லை. அதனால "கூடையில் சேர்த்தல்" நிகழ்வையோ வாட்ஸ்அப்பில் உரையாடல் தொடங்குறதையோ இலக்காக வையுங்க. தொகுப்பு ஒண்ணு, அதிகமாப் போனா ரெண்டு. சேலைக்கு ஒண்ணு, சுடிதாருக்கு ஒண்ணு, வயசுக்கு ஒண்ணுன்னு ஏழா உடைச்சா ஏழும் கற்றல் கட்டத்திலேயே கிடக்கும்.

இந்த ஊரில் இன்னொரு கணக்கும் பார்க்கணும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் தமிழே அதிகம் பேசுறவங்க 2.5 விழுக்காடு. கூட்டம் சின்னது. ஒரே படத்தை ரெண்டு வாரம் ஓட்டினா அதே ஆளுக்கே பத்து தடவை போய்ச் சேரும், தொடுறவங்க குறைவாங்க, விலை ஏறும். கூட்டத்தை நறுக்குறதை விட்டுட்டுப் படங்களைக் கூட்டுங்க. வாரத்துக்கு நாலு புதுப் படமாவது வேணும். ஸ்டூடியோ படத்தைவிட, ஊழியர் ஒருத்தர் முந்தானையைக் கையில் விரிச்சுக் காட்டுற 15 விநாடிக் காணொளி நல்லாப் போகும். துணி எப்படி விழுதுன்னு அதில் தெரியும். கூகுளில் மொழியைத் தமிழ்னு மட்டும் வைக்காதீங்க. நம்ம ஆள்கள் பெரும்பாலும் தொலைபேசியை ஆங்கிலத்தில்தான் வெச்சிருக்காங்க, தேடுறதும் ஆங்கிலத்தில். ஆங்கிலம், தமிழ் ரெண்டையும் சேருங்க.

எந்த வாரம் எதை விளம்பரப்படுத்தணும்ங்கிறதும் முக்கியம். சேலை வாங்கினா ரவிக்கை தைக்கணும். தையல்காரர் தீபாவளிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஆர்டரை நிறுத்திடுவார். அதனால சேலை விளம்பரத்தின் உச்சம் தீபாவளிக்கு ஆறு முதல் நாலு வாரம் முன்னாடி. தைக்க வேண்டாத சுடிதாரும் குழந்தைகள் ஆடையும் கடைசிப் பத்து நாள். கடையில் தையல் கடைசித் தேதி என்னன்னு இன்னைக்கே கேட்டு அதை விளம்பரத்திலேயே போடுங்க, "தள்ளுபடி" என்ற சொல்லைவிட அது வேகமா வாங்க வைக்கும். தீபாவளி வர்ற காலத்தில்தான் 10.10, 11.11 விற்பனைகளும் வரும். பெரிய மின்வணிகத் தளங்கள் அந்த நாள்களில் விளம்பர ஏலத்தை ஏத்திவிடும். அந்த ரெண்டு மூணு நாள் செலவைக் குறைச்சு வையுங்க.

அளக்குறதைப் பத்தி. ஐஃபோனில் செயலி விளம்பரத்தின் பலன் ஆப்பிளின் விளம்பர அளவீட்டு முறையான எஸ்கேஅட்நெட்வொர்க் வழியா ஒண்ணு ரெண்டு நாள் தாமதிச்சு வரும். எண்ணிக்கை குறைவா இருந்தா, வாங்கினாங்களா இல்லையான்னு சொல்ற மதிப்பே வெறுமையா வரும். உங்க அளவுக்கு அதை நம்பி முடிவெடுக்க முடியாது. ஒவ்வொரு வழிக்கும் தனிக் கூப்பன் குறியீடு கொடுங்க: இன்ஸ்டகிராமுக்கு ஒண்ணு, வாட்ஸ்அப்புக்கு ஒண்ணு, கல்லா அட்டைக்கு ஒண்ணு. கடைக்கு நேரில் வந்து காட்டினாலும் காசாளர் அதைப் பதியணும். விளம்பரம் பார்த்துட்டு சிராங்கூன் சாலைக்கே வந்து தொட்டுப் பார்த்து வாங்குறவங்கதான் அதிகம். அவங்களைக் கணக்கில் சேர்க்கலைன்னா விளம்பரம் தோத்துப்போன மாதிரித் தெரியும், முதலாளி நல்லா ஓடுற விளம்பரத்தை நிறுத்தச் சொல்வார்.

எழுத்துருப்_பிரியை

அந்த நோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அது இருப்பதிலேயே ஆபத்தான பொருள் தம்பி, முதலில் அதைச் சொல்கிறேன்.

தைத்த துணி தயாரானதும் அழைப்பதற்காக வாங்கிய எண்கள் அவை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, என்ன நோக்கத்துக்கு வாங்கினோமோ அந்த நோக்கத்துக்குத்தான் பயன்படுத்தலாம். விளம்பரக் குறுஞ்செய்தி வேறு நோக்கம். அதற்கு மேல், 2014 ஜனவரியிலிருந்து அழைக்க வேண்டாதோர் பதிவேடு நடப்பில் இருக்கிறது. தெளிவான எழுத்து ஒப்புதல் இல்லாத எண்ணுக்கு அனுப்பும் முன் அந்தப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். எண்ணுக்குப் போகும் வாட்ஸ்அப் செய்தியும் இதில் அடங்கும். அனுப்பச் சொன்னவர், அனுப்பிக் கொடுத்தவர் இருவரும் பதில் சொல்ல வேண்டிவரும், அதனால் "முதலாளி சொன்னார்" என்பது உங்களைக் காப்பாற்றாது.

செய்யக்கூடியது எளிது. இன்று முதல் கல்லாவில் ஒரு சிறிய படிவம் வையுங்கள், தாளிலோ டேப்லெட்டிலோ. பெயர், எண், "தீபாவளிச் சலுகைகளை இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப், குறுஞ்செய்தியில் அனுப்பச் சம்மதம்" என்று ஒரு கட்டம். முன்கூட்டியே குறியிட்ட கட்டமாக இருக்கக்கூடாது. தேதியோடு சேமியுங்கள். பத்து வாரத்தில் நல்ல பட்டியல் சேரும். அதிர்ஷ்டக் குலுக்கல் வைத்தால் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். 2019 செப்டம்பர் 1 முதல் அதற்கு இடமில்லை. பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் போதும்.

கடைப்பெயரில் குறுஞ்செய்தி போக வேண்டும் என்றால் அனுப்புநர் பெயரை அதற்கென உள்ள தனிப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2023 ஜனவரி 31 முதல், பதியாத பெயரில் வரும் செய்தி "மோசடியாக இருக்கலாம்" என்ற தலைப்பின் கீழ் போய்விழுகிறது. உள்நுழைவு ஓடிபிக்கும் இதேதான். கடையின் யூஇஎன் எண்ணோடு (வணிகப் பதிவு எண்), குறுஞ்செய்திச் சேவை நிறுவனம் வழியாக விண்ணப்பியுங்கள். கட்டணம் உண்டு. முதல் வார வேலைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனித் தமிழ். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து. தமிழ் கலந்த உடனே யூனிக்கோடாக மாறி 70 ஆகிவிடும். அதைத் தாண்டினால் பகுதிக்கு 67தான். எண்ணுவதும் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. மெய்யின் புள்ளி தனி, உயிர்க்குறி தனி. "தீபாவளி" நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. "வாழ்த்துகள்" நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. நடுவில் வரும் இடைவெளியோடு, வாழ்த்துக்கே 19 போய்விட்டது. 150 குறி நீளமுள்ள தமிழ்ச் செய்திக்கு மூன்று செய்திக்கான கட்டணம் கழியும். அதே நீளத்து ஆங்கிலச் செய்திக்கு ஒன்றுதான். எனவே தமிழில் குறுஞ்செய்தி என்றால் ஒரு வரி வாழ்த்து, ஒரு குறுகிய இணைப்பு, அவ்வளவே. நீளமாகச் சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். அங்கே 2025 ஜூலை முதல் கட்டணம் செய்தி எண்ணிக்கைக்குத்தான், நீளத்துக்கு இல்லை. ஆனால் அதற்கான வார்ப்புருவை மெட்டா முன்கூட்டியே ஏற்க வேண்டும். "உங்கள் ஆர்டர் தயார்" என்ற அறிவிப்புக்கு நடுவில் சலுகை ஒன்றைச் செருகினால் அதை விளம்பர வகைக்கு மாற்றிவிடுவார்கள், கட்டணமும் மாறும்.

செயலித் திரையில் தமிழ் கெடும் இடங்கள் எனக்குத் தெரிந்து நான்கு. ஒன்று, வரியுயரம். ஆங்கிலத்துக்குப் பொருத்திய 1.2 அளவில் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். 1.5 வையுங்கள். இரண்டு, எழுத்திடைவெளி. அழகுக்காக இடைவெளி கூட்டும் பழக்கத்தைத் தமிழில் விட்டுவிடுங்கள், துணைக்கால் தனியாகப் பிய்ந்து நிற்கும். மூன்று, பொத்தான் அகலம். ஆங்கிலத்தில் இரண்டு சொல், தமிழில் "பணம் செலுத்தத் தொடர்க" என்று ஆகும். அகலத்தைக் கட்டிவைக்காமல் இரண்டு வரிக்கு இடம்விடுங்கள். நான்காவது உங்கள் வடிவமைப்பாளருக்கு: அடோபி மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான பத்தி அமைப்பியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அச்சான பதாகைகளில் இன்றும் இதைப் பார்க்கிறோம், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் நின்றிருக்கும்.

தேடல் பெட்டிக்கும் ஒரு வார்த்தை. "கொ"வின் உயிர்க்குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியீடாகவும், சில கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் தரும். கண்ணுக்கு ஒன்றே, தேடலுக்கு இரண்டும் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிக்கோடு இயல்பாக்கம் செய்யுங்கள், என்எஃப்சி வடிவம். சேலை, புடவை, சாரி, இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டும் நான்கைந்து விதங்கள் எல்லாம் ஒரே பொருளுக்குப் போகும்படி ஒத்தசொல் அட்டவணை ஒன்றும் போடுங்கள்.

ஜாலான்_புசார்

எல்லாருக்கும் மிக்க நன்றி. நோட்டை மூடிவைக்கச் சொல்லிவிட்டேன் அக்கா.

இன்று அக்ராவில் பார்த்தோம். கடை பிரைவேட் லிமிடெட் இல்லை, தனி உரிமையாளர் நிறுவனமாகப் பதிவாகியிருக்கிறது. இதனால் ஆப்பிள், கூகுள் கணக்குகளுக்குச் சிக்கல் வருமா? இன்னொன்று, கல்லா கியூஆரிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் செயலிக்குள் குறிப்பிட்ட சேலைக்கே போகும் இணைப்பு வேண்டும். முன்பு ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் பயன்படுத்தினோம், இப்போது எது?

கோட்பலகை

தனி உரிமையாளர் என்றால் ஆப்பிளில் தனிநபராகத்தான் சேர முடியும். ஆப் ஸ்டோரில் விற்பனையாளர் பெயர் என்ற இடத்தில் கடைப்பெயர் வராது, முதலாளியின் சொந்தப் பெயர் வரும். இதை அவரிடம் இப்போதே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். செயலியின் பெயராகக் கடைப்பெயர் இருக்கலாம், அதில் தடை இல்லை. அவருக்கு வேறொரு பிரைவேட் லிமிடெட் இருந்து, கடை வியாபாரமும் அதன் கீழ் வருமானால் அந்தப் பெயரில் திறப்பது மேல்.

கூகுளில் தனிநபர் கணக்காகத் திறந்தால், 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு மூடிய சோதனை கட்டாயம். 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகி 11 ஆனால் சிக்கல், அதனால் 18 பேரைச் சேருங்கள். கடை ஊழியர், அவர்கள் வீட்டார் போதும், ஆண்ட்ராய்டு வைத்திருக்க வேண்டும். 14 நாள் முடிந்த பிறகுதான் வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஆண்ட்ராய்டில் மூன்று வாரம் இதற்கே போகிறது. சோதனைக்கு முழுச் செயலி தேவையில்லை. பொருள் பட்டியலும் கூடையும் வேலை செய்தால் நான்காம் வாரமே சோதனையைத் தொடங்கிவிட்டு, கட்டணப் பகுதியைப் பதிப்பு பதிப்பாகச் சேருங்கள்.

டைனமிக் லிங்க்ஸ் 2025 ஆகஸ்ட் 25 அன்று மூடப்பட்டது. பழைய இணைப்புகள் அச்சான அட்டை எங்காவது இருந்தால் தூக்கி எறியுங்கள். கடையின் சொந்த இணைய முகவரியிலேயே இணைப்பு வையுங்கள். ஐஃபோனுக்கு யுனிவர்சல் லிங்க், ஆண்ட்ராய்டுக்கு ஆப் லிங்க்; இணைய முகவரியைத் தொட்டால் செயலியையே திறக்கும் இணைப்புகள் இவை. இரண்டுக்கும் தளத்தின் வெல்-நோன் அடைவில் ஒவ்வொரு கோப்பு வேண்டும். ஐஃபோன் கோப்பு வேறு முகவரிக்குத் திருப்பிவிடாமல் நேரடியாகக் கிடைக்க வேண்டும். ஆப்பிள் அதைத் தன் இடைச்சர்வரில் சேமித்துவைப்பதால், கோப்பை மாற்றிய உடனே கைத்தொலைபேசியில் தெரியாது. ஆண்ட்ராய்டு கோப்பில், செயலிக்குக் கையொப்பமிடும் சாவியின் எஸ்எச்ஏ-256 கைரேகை (அடையாளக் குறியீடு) கேட்கும். உங்கள் கணினியில் உள்ள பதிவேற்றச் சாவியின் கைரேகையைப் போட்டுவிட்டு இணைப்பு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது வாடிக்கை. பிளே கன்சோலில் செயலிக் கையொப்பப் பக்கத்தில் கூகுள் வைத்திருக்கும் சாவியின் கைரேகையைத்தான் போட வேண்டும்.

இன்ஸ்டகிராமின் உள் உலாவியில் யுனிவர்சல் லிங்க் பெரும்பாலும் செயலியைத் திறக்காது, இணையப் பக்கமே திறக்கும். கிளிக்_கணக்கு சொன்ன இணையக் கடை இருந்தால் அதுவும் நல்லதே, சேலை அங்கேயும் இருக்கும். விளம்பரத்தை இணையத்துக்கு அனுப்பச் சொன்னதற்கு நானும் உடன்படுகிறேன். ஒரே சர்வர், ஒரே இருப்பு அட்டவணை, மேலே இரண்டு முகப்பு.

ஒப்பந்தம்_முதலில்

தொழில்நுட்பம் போதும், காசுக்கு வருவோம்.

விளம்பரக் கணக்கு, பிக்சல் (தளத்தில் நடப்பதை விளம்பரத்தோடு பொருத்தும் நிரல்துண்டு), ஃபேஸ்புக் பக்கம் எல்லாம் கடையின் மெட்டா வணிகக் கணக்கில் இருக்கட்டும். உங்களைப் பங்காளியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கூகுளில் உங்கள் மேலாளர் கணக்கோடு இணைத்தால் போதும். விளம்பரக் கட்டணம் கடையின் கார்டிலிருந்தே நேராகக் கழிய வேண்டும். உங்கள் கார்டில் ஓட்டிவிட்டுப் பிறகு வசூலிக்கலாம் என்றால், தீபாவளிக்குப் பிறகு அந்த 3,000 வெள்ளிக்கு நீங்கள் அலைய வேண்டிவரும். உங்கள் இன்வாய்ஸில் ஏறும் விளம்பரப் பணம் உங்கள் விற்றுமுதலாகவும் சேரும். பத்து லட்சம் வெள்ளி விற்றுமுதலில் பொருள் சேவை வரிப் பதிவு கட்டாயம் என்பதை மனத்தில் வையுங்கள்.

கட்டணத்தை நான்காகப் பிரியுங்கள். கையெழுத்தானதும் 40 விழுக்காடு, சோதனைப் பதிப்பு கைக்கு வந்ததும் 30, ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோரில் சமர்ப்பித்ததும் 20, வெளியானதும் 10. மூன்றாவது தவணை "சமர்ப்பித்ததும்" என்று இருப்பது முக்கியம். முதலாளியின் டி-யு-என்-எஸ் எண்ணோ சரிபார்ப்போ தாமதமானால் உங்கள் பணம் அதில் சிக்கக்கூடாது. எந்தக் கைத்தொலைபேசிகளில், எந்த இயங்குதளப் பதிப்பு வரை சோதிப்பீர்கள், 600 பொருளுக்கும் படம் எடுப்பதும் விவரம் தட்டுவதும் யார் வேலை என்பதை எழுதுங்கள். படத்துக்குக் காத்திருந்தே இந்த மாதிரித் திட்டங்களில் இரண்டு மூன்று வாரம் போகும். எல்லாவற்றையும் கேட்காதீர்கள், முதலில் 150 பொருள், பொருளுக்கு நான்கு படம், ஒரே வெளிச்சம், ஒரே பின்னணி.

பராமரிப்பு தனி ஒப்பந்தம். ஆப்பிளும் கூகுளும் ஆண்டுதோறும் குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்துகின்றன. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதுச் செயலிகளும் மேம்படுத்தல்களும் ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொள்ள வேண்டும் என்று கூகுள் வைத்தது, இப்படியே தொடரும். இந்த வேலைக்கு யார் பணம் தருவார் என்று இப்போதே எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு இலவசமாகச் செய்துகொண்டிருப்பீர்கள்.

பதிப்புரிமையையும் பாருங்கள். ஊழியர் எழுதியது நிறுவனத்துக்கு. வெளியாள் யாரையாவது, சென்னையிலோ கோயம்புத்தூரிலோ, நிரலெழுத வைத்தால் எழுத்துபூர்வமாக உங்களுக்கு மாற்றி வாங்குங்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கூலிக்கு எடுத்த புகைப்படமும் காணொளியும் எடுத்தவருக்கே முதலில் சொந்தம். சேலைப் படங்களை எடுக்கும் ஒளிப்படக்காரரிடமும் ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும்.

மானியம் கிடைக்குமா என்று முதலாளி கேட்பார். உற்பத்தித்திறன் தீர்வுகளுக்கான மானியம் முன்கூட்டியே ஏற்கப்பட்ட தீர்வுகளுக்கானது. நீங்கள் புதிதாக எழுதும் செயலி அதில் பொருந்தாது. ஆயத்த இணையக் கடைத் தொகுப்பு ஒன்றை அந்தப் பட்டியலில் உள்ள விற்பனையாளரிடம் எடுக்க நினைத்தால், விண்ணப்பிக்கும் முன் கையெழுத்துப் போடவோ முன்பணம் கொடுக்கவோ வேண்டாம். கொடுத்தால் தகுதி போய்விடும்.

கிளிக்_கணக்கு

கார்டுக் கட்டணத்தையும் முதலாளிக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்க. ஸ்ட்ரைப்பில் உள்ளூர்க் கார்டுக்கு 3.4 விழுக்காடும் 50 காசும். 180 வெள்ளிச் சேலைக்கு 6 வெள்ளி 62 காசு, பரவாயில்லை. 12 வெள்ளி வளையல் தொகுப்புக்கு 91 காசு போகும், அது ஏழரை விழுக்காட்டுக்கும் மேல. சின்னப் பொருளுக்கு பேநவ்வை முதல் தெரிவா மேல வையுங்க, கட்டணம் குறைவு.

அறிவிப்பு அனுமதியைச் செயலி திறந்ததும் கேட்காதீங்க. ஐஃபோனில் ஒரு தடவை மறுத்தா மறுபடி கேட்க முடியாது, ஆண்ட்ராய்டு 13லிருந்து அங்கேயும் அனுமதி வேணும். முதல் ஆர்டர் முடிஞ்சதும், "அனுப்பியதும் சொல்லட்டுமா?" என்று கேளுங்க.

ஜாலான்_புசார்

கடைசியாக ஒன்று. எந்த வாரத்தோடு மாற்றங்களை நிறுத்த வேண்டும்? முதலாளி கடைசி நாள் வரை விலை மாற்றுவார்.

கோட்பலகை

கணக்கு, டி-யு-என்-எஸ் (நிறுவனக் கணக்கு என்றால் மட்டும்), அனுப்புநர் பெயர், ஒப்புதல் படிவம் எல்லாம் இந்த வாரம். சோதனை நான்காம் வாரம். ஆறாம் வாரத்துக்குள் ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோர் இரண்டிலும் முதல் பதிப்பு வெளியாகிவிட வேண்டும். அதற்கு முன்பே இணையக் கடை திறந்து சேலை விளம்பரம் ஓடத் தொடங்கியிருக்கும், அது செயலிக்காகக் காத்திருக்க வேண்டாம். எட்டாம் வாரத்தோடு புதுப் பதிப்பு அனுப்புவதை நிறுத்துங்கள். ஆப்பிள் பெரும்பாலானவற்றை ஒரு நாளில் பார்த்துவிடுகிறது, ஆனால் ஒரு முறை திரும்பி வந்தால் மூன்று நான்கு நாள். கூகுளில் ஒரு வாரம் வரை ஆகலாம்.

விலை, சலுகைப் பதாகை, தையல் கடைசித் தேதி, வீட்டுக்கு அனுப்பும் கட்டணம் எதையும் செயலிக்குள் எழுதாதீர்கள், எல்லாம் சர்வரிலிருந்து வரட்டும். முதலாளிக்கு ஒரு நிர்வாகப் பக்கம் கொடுத்தால் அவரே மாற்றிக்கொள்வார். கூடையில் சேர்த்த பிறகு விலை மாறினால் எந்த விலை என்பதை மட்டும் முன்பே முடிவுசெய்யுங்கள். பிடித்துவைத்த 15 நிமிடத்துக்குப் பழைய விலை, அதற்குப் பின் புதியது என்று வைத்தால் தகராறு வராது. கியூஆரில் தொகை பதிந்துவிடுவதால் அதுதான் சரியாகவும் பொருந்தும்.